சாப்பிடுவதற்கு முன் என்ன நடந்தது

6.5.2025, செவ்வாய்

இன்று காலை செரண்டா ரயில் நிலையம் பக்கம் ஒரு லோரி குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் எண்பது வண்டி. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான்தான் வேனிலிருந்து இறங்கி, கையைக் காட்டி, லோரியைப் பின்னுக்கு எடுக்க வைத்து எல்லாரையும் விடுவித்தேன். போலீஸ்காரர் வந்து சல்யூட் அடித்தார். சரி, அடிக்கவில்லை. அடிக்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

வேனில் ஏறியதும் முன் சீட்டு லோகேஸ்வரி சொன்னாள்: "அண்ணே, நீங்க இல்லேன்னா மலேசியாவே நின்னு போயிடும் லா."

பதினான்கு பேரும் சிரித்தார்கள். அவர்களைச் செரண்டாவில் ஏற்றி ரவாங் தொழிற்சாலையில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டு வந்து விடுவது என் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் தாமதம் கிடையாது. மழை வெள்ளத்தில்கூட.

ஞாயிற்றுக்கிழமை ரவாங் மண்டபத்தில் கல்யாணம். நான் சாப்பிடுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வந்து நின்றது. நாலு தட்டு பிரியாணி. ஏழு என்று ஊரில் பேச்சு. நான் மறுக்கவில்லை.

8.5.2025, வியாழன்

டயர் மாற்றினேன். தனியாக. பன்னிரண்டு நிமிடம்.

14.5.2025, புதன்

அரசாங்க கிளினிக். இரண்டு மணி நேரம் காத்திருந்ததில் பக்கத்தில் இருந்த சீனப் பெரியவருக்கு என் வாழ்க்கை வரலாற்றில் பாதியைச் சொல்லிவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ரசித்தார்.

டாக்டரம்மா ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தார். மூன்று மாதச் சர்க்கரை பத்து புள்ளி இரண்டு. பத்துக்கு மேலேயே மார்க் வாங்கிவிட்டேனா என்று மலாயில் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இப்படியே போனால் ஊசிதான், ஊசிக்குப் போனால் வேன் லைசென்சுக்கு உடல்நலச் சான்றில் கையெழுத்துப் போட யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். செப்டம்பரில் லைசென்சு முடிகிறது.

வேன் இல்லாத நல்லசாமி யார்? அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஸ்டியரிங் இல்லாமல் இந்தக் கையை எங்கே வைப்பது?

அடுத்த அறையில் உணவு ஆலோசகர். நித்தியா என்ற சின்னப் பிள்ளை.

"அங்கிள், ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுவீங்க?"

"காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் கொஞ்சம் சோறு, கீரை. சாயங்காலம் சப்பாத்தி ரெண்டு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மிஸ்."

தாளில் இருந்த நூற்றுப் பதினெட்டு கிலோவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் கொடுத்தாள். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு: சாப்பிடுவதற்கு முன் என்ன நடந்தது.

"கடைசிக் கட்டம்தான் அங்கிள் முக்கியம்."

"சாப்பிடறதுக்கு முன்னால கை கழுவுவேன். வேற என்ன மிஸ் நடக்கும்?"

இதற்கு அவள் சிரித்தாள். நல்ல பிள்ளை.

19.5.2025, திங்கள்

மிஸ் கொடுத்த புத்தகத்தில் எழுதுகிறேன். இட்லி, கீரை, சப்பாத்தி. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. வரப்போகிற வியாழக்கிழமை வரை எழுதி முடித்துவிட்டேன்.

23.5.2025, வெள்ளி

இந்த டைரியை யாரும் பார்க்கப் போவதில்லை. என் வீட்டுக்காரி நாகமணி அலமாரிப் பக்கமே வரமாட்டாள். ஆகையால் எழுதுகிறேன்.

கடைசியாக லோகேஸ்வரியை இறக்கிவிடும்போது மணி ஆறரை ஆகிவிடும். அங்கிருந்து புக்கிட் பெருந்துங்கில் என் வீடு இருபது நிமிடம். நான் ஏழரைக்குப் போகிறேன். நடுவில் மூன்று கடை. சன்னாசி கடையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. சாலைக்கு அந்தப் பக்கம் மலாய்க்கார அக்காவிடம் இன்னும் இரண்டு, வாழைப்பழ பஜ்ஜி ஒரு பை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் மூன்று ரொட்டி சானாய், பரோட்டா மாதிரி. எல்லாம் ஒரே கடையில் வாங்கினால் மொத்தம் எவ்வளவு என்று அந்தக் கடைக்காரனுக்குத் தெரிந்துவிடும். "வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க" என்று மூன்று கடையிலும் சொல்வேன். பத்தொன்பது வருடமாக என் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பூட்டிக் கிடக்கும் கடை வரிசைக்குப் பின்னால் வேனை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஏர்கோனைப் போட்டு, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். மென்று தின்பது என்று சொல்ல முடியாது. உள்ளே தள்ளுகிறேன். ருசி தெரியாது. ஊரில் சமையலுக்கு நான்தான் நீதிபதி. வேனில் சாப்பிட்டது கோழியா மீனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பசியா என்றால், இல்லை. வயிறு வலிக்க ஆரம்பித்த பிறகும் கை போகிறது. அப்புறம் கொஞ்ச நேரம் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காகிதங்களை வேறு வேறு குப்பைத் தொட்டியில் போடுவேன். வீட்டுக்குப் போய், நாகமணி சுட்ட சப்பாத்தியைப் பசித்தவன் மாதிரி சாப்பிடுவேன்.

மறுநாள் மத்தியானம் ஒன்றும் சாப்பிடமாட்டேன், நேற்றுத் தின்றதற்குத் தண்டனையாக. மத்தியானம் பட்டினி, சாயங்காலம் மறுபடியும் மூன்று கடை.

எழுதிப் பார்த்தால் வேறு யாரையோ பற்றி எழுதியது போல் இருக்கிறது.

26.5.2025, திங்கள்

நாகமணி கேட்டேவிட்டாள்.

"எவ அவ?"

"எவ?"

"லோகேஸ்வரி ஆறரைக்கெல்லாம் வீட்டுல இருக்கா. போன் பண்ணிக் கேட்டுட்டேன். தெனமும் ஒரு மணி நேரம் எங்க போயிட்டு வர்றீங்க?"

ஜாம் என்றேன். அந்தச் சாலையில் ஏது ஜாம் என்றாள். நான் சிரித்துவிட்டேன். நன்றாக மறுத்திருக்க வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் என் மேல் இப்படி ஒரு சந்தேகம் வருகிறது என்றால் அது என் உடம்புக்குக் கிடைத்த மரியாதை என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அது மட்டும் இல்லை. வேனில் உட்கார்ந்து தின்றேன் என்று சொல்வதைவிட, ஒருத்தி இருக்கிறாள் என்று அவள் நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

11.6.2025, புதன்

கிளினிக். எடை நூற்றிருபது. நித்தியா மிஸ் என் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தாள்.

"கையெழுத்து ரொம்ப அழகு அங்கிள்."

"எல்லாரும் சொல்லுவாங்க."

"இந்தப் புத்தகத்துல இருக்கறவரு ரொம்ப ஆரோக்கியமா இருக்காரு. அவருக்கு நான் தேவையே இல்ல. நீங்க எப்படி இருக்கீங்க?"

மேலே மின்விசிறியைப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு கதை சொல்லலாமா என்று யோசித்தேன். வாயில் வேறு வந்துவிட்டது. மூன்று கடை, கண்ணாடி ஏற்றிய வேன், குப்பைத் தொட்டி, எல்லாம். சொல்லும்போதே நாலு பொட்டலத்தை மூன்று என்றுதான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. வேகமாகச் சாப்பிடுவீர்களா, தனியாகவா, முடிந்ததும் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இதே கதையைச் சொன்ன ஆள் பலர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம். பிஞ்ச் ஈட்டிங். பெருந்தீனிக்காரன் என்பது வேறு, இது வேறு. இது நோய் என்றாள். ஆண்களுக்கும் வருமாம், ஆண்கள் சொல்வதில்லையாம். எங்கள் வீட்டு வரிசையில் எல்லாருக்கும் வெறும் சர்க்கரை, பிரஷர். எனக்கு மட்டும் இங்கிலீஷ் பெயரில் ஒரு நோய்.

"உங்க வயிறு கேக்கல அங்கிள். வேற எதுவோ கேக்குது. அது எதுன்னு கடைசிக் கட்டத்துலதான் தெரியும். மத்தியானம் பட்டினி கிடக்காதீங்க. அதுதான் சாயங்காலத்த இன்னும் மோசமாக்குது."

ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கவும் எழுதிக் கொடுத்தாள். "மிஸ், எனக்குப் பைத்தியமா?" என்றேன். "இல்ல அங்கிள், பாரம். அத நீங்க தனியா தூக்கிட்டு அலையறீங்க" என்றாள்.

12.6.2025, வியாழன்

புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பினேன். பழைய பக்கங்களைக் கிழிக்க மனம் வரவில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது.

17.6.2025, செவ்வாய்

கம்பெனியில் எல்லாருக்கும் இங்கிலீஷில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். லோகேஸ்வரி வேனில் ஏறியதும் நீட்டினாள்.

"அண்ணே, நீங்கதான் ஃபார்ம் த்ரீ வரைக்கும் படிச்சவராச்சே. என்னா போட்டிருக்குன்னு சொல்லுங்க."

"கண்ணாடி கொண்டாரல."

"அதான் சட்டைப் பையில குந்தியிருக்கே!"

வேனே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் பலமாகச் சிரித்தேன். வண்டி ஓட்டும்போது தாள் படிக்கக் கூடாது, அது சட்டம் என்றேன். பின் சீட்டில் ஒரு பெண் வாங்கிப் படித்துச் சொன்னாள். கேன்டீன் நேரம் மாறுகிறதாம். அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் ஐந்து பொட்டலம், ரொட்டி நாலு. கட்டத்தில் எழுதினேன்: லோகேஸ்வரி தாள் கொடுத்தாள்.

22.6.2025, ஞாயிறு

நாகமணி கோயிலுக்குப் போயிருக்கிறாள். என்னோடு பேசி நாலு வாரம் ஆகிறது. சோறு போடுகிறாள், பேசுவதில்லை. தனியாக உட்கார்ந்து கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன்.

வேன் முதலாளி பெட்ரோல் கணக்கை இனிமேல் போனில் நிரப்பச் சொன்ன நாள். மருமகன் என் கையிலிருந்து போனை வாங்கி, "குடுங்க மாமா, நான் பண்றேன், உங்களுக்குப் புரியாது" என்ற நாள். சாலையில் போலீஸ் நிறுத்தி எதிலோ கையெழுத்துக் கேட்ட நாள். ஒரே ஒரு நாளில்தான் ஒன்றும் இல்லை. அன்று சும்மா தின்றேன். மற்ற எல்லா நாளிலும் ஒரு தாள் இருக்கிறது, அல்லது தாள் மாதிரி ஒன்று.

நான் ஃபார்ம் த்ரீ படிக்கவில்லை. தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு. தமிழ் எழுத்து எனக்குப் பிரியமாக வந்துவிட்டது, பேப்பர் படித்துப் படித்து வளர்த்துக்கொண்டேன். மலாய் பேசினால் மலாய்க்காரரே திரும்பிப் பார்ப்பார். எழுத்தாகப் பார்த்தால் எல்லாம் எறும்பு.

தொண்ணூற்றாறில் நாங்கள் வேலை செய்துவந்த ரப்பர் தோட்டத்தை விற்றார்கள். நாங்கள் எல்லாரும் கோயில் முன்னால் கூடியிருந்தோம். இங்கிலீஷில் கம்பெனித் தாள் வந்தது. எங்களை எங்கே அனுப்பப் போகிறார்கள் என்பது அதில்தான் இருந்தது. "நல்லசாமி படிப்பான்" என்று எல்லாரும் வழி விட்டார்கள், ஏனென்றால் படிப்பேன் என்று நான்தான் அதுவரை சொல்லிக்கொண்டு திரிந்தேன். தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பின்னால் கதை கட்டினார்கள்; அது பொய், நேராகத்தான் பிடித்திருந்தேன். ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. யாரோ சொன்னார்: "விடுங்கப்பா, அவன் வயித்துக்கு மட்டும்தான் படிச்சிருக்கான்." சிரிப்பு. கண்ணீர் வந்துவிடும் போல இருந்தது. அன்னதானச் சட்டியில் மிச்சம் இருந்த சோற்றை என் முன்னால் தள்ளினார்கள். நான் உட்கார்ந்து மொத்தத்தையும் தின்றேன். கைதட்டினார்கள். இது வேறு சிரிப்பு. இந்தச் சிரிப்பில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இருபத்தொன்பது வருடம் ஆகிறது. இதை எழுதியதும் சட்டை நனைந்துவிட்டது, வியர்வை.

6.7.2025, ஞாயிறு

குமரவேல் போன் செய்தான். பழைய தோட்டத்தில் இப்போது வீடுகள். முனியாண்டி கோயில் மட்டும் கோல சிலாங்கூர் போகிற சாலை ஓரத்தில் நிற்கிறது. அதற்கு அவன்தான் தலைவர். ஆகஸ்டு பத்து, ஆடிப் படையல்.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். சாமிக்குப் போடும் பெரிய இலை, ஆட்டுக்கறி, கோழி, மீன், முட்டை, குன்று மாதிரி சோறு, அதைப் பூசை முடிந்ததும் ஒரே ஆள் உட்கார்ந்து முடிக்க வேண்டும். மிச்சம் வைக்காமல் முடித்தால் அந்த வருடம் எல்லாருக்கும் நல்ல வருடம். தொண்ணூற்றேழிலிருந்து அந்த ஆள் நான். மைக்கில் என் பேரைச் சொல்வார்கள். தோட்டத்து ஆட்கள் சிதறிப்போன எட்டு இடத்திலிருந்தும் வந்து நிற்பார்கள்.

"அண்ணே, இந்த வருஷமும் நீங்கதானே?"

"நான் இல்லாம? ரெண்டு இலை போடு!"

போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

16.7.2025, புதன்

இலையைப் பற்றி நித்தியா மிஸ்ஸிடம் சொன்னேன். சாப்பிடாதீர்கள் என்பாள் என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்த இலையில உங்களுக்கு என்ன கிடைக்குது அங்கிள்?"

"கறி."

பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இந்தப் பிள்ளைக்குக் காத்திருப்பதுதான் படிப்பு போலிருக்கிறது.

"பேரு மிஸ். அங்க யாரும் என்கிட்ட தாள் நீட்டறதில்ல."

25.7.2025, வெள்ளி

இந்த வாரம் மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிட்டேன். இரண்டு நாள் ஒரு பொட்டலத்தோடு நின்றது. நேற்று எந்தக் கடையிலும் நிறுத்தவில்லை. ஆனால் ஆறு ஐம்பதுக்கே வீட்டில் போய் நின்றால் நாகமணி என்ன நினைப்பாள்? அந்த 'ஒருத்தி' சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றா? அதனால் பெட்ரோல் நிலையத்தில் நின்று டயருக்குக் காற்றுப் பிடித்தேன். நாலு டயருக்கும். இரண்டு தடவை.

10.8.2025, ஞாயிறு

ஆயிரம் பேர். சரி, இருநூறு.

இலை வந்தது. வருடா வருடம் பெரிதாகிக்கொண்டே போகிறது. என்னைச் சோதிக்க வேண்டும் என்று கறியை ஏற்றுகிறார்கள். சாமிக்குச் சுருட்டு கொளுத்தி வைத்திருந்தார்கள், புகை என் கண்ணில். மைக்கில் குமரவேல்: "இருபத்தெட்டு வருஷமா மிச்சம் வைக்காத மனுசன், நம்ம நல்லசாமி அண்ணே!" கைதட்டு. போன்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெண்கள் பக்கம் நாகமணி, என்னைப் பார்க்காமல்.

உட்கார்ந்தேன். அந்த மலையைப் பார்த்தேன். முடியாது என்பது இல்லை, முடியும். அதுதான் பயம். ஆரம்பித்தால் கை நிற்காது.

எழுந்து மைக்கை வாங்கினேன். எனக்கு நோய், டாக்டர் வேண்டாம் என்றார், இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாயில் வந்தது இது:

"முனியாண்டி நேத்து கனவுல வந்தாரு. வெள்ளைக் குதிரையில. 'நல்லசாமி, போதும்டா. இந்த வருஷத்துலேர்ந்து என் இலைய பத்து பேருக்குப் பிரிச்சுக் குடு'ன்னாரு."

குமரவேல் காலில் இல்லாத செருப்பை உதறிக்கொண்டு ஓடிவந்து என் காலில் விழுந்தான். உறுமியடித்தார்கள். பத்து இலை போட்டார்கள். குதிரையின் கண் எப்படி இருந்தது என்று கேட்டார்கள், சொன்னேன். கடிவாளம் வெள்ளி என்றேன்.

என் பங்கு, பத்தில் ஒன்று, மெதுவாகச் சாப்பிட்டேன். கறியில் உப்பு அதிகம். இத்தனை வருடம் சாப்பிட்டும் இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

11.8.2025, திங்கள்

காலையிலிருந்து போன். கனவில் சாமி லாட்டரிக்கு ஏதாவது நம்பர் சொன்னாரா என்று. இல்லை என்றால் விடுகிறார்களா? வேன் நம்பரைச் சொன்னேன். லோகேஸ்வரி ஏறும்போது வேனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கேலிக்குத்தான், ஆனால் பின்னால் இரண்டு பேர் நிஜமாகவே ஒற்றிக்கொண்டார்கள்.

சாயங்காலம் மூன்று கடையிலும் நிறுத்தினேன். ஏழு பொட்டலம். ஏழு என்றால் ஏழேதான். ரொட்டி, பஜ்ஜி தனி. கடைசியில் மூச்சு விட முடியவில்லை.

ஏன்? நேற்று யாரும் தாள் நீட்டவில்லையே. எல்லாரும் என்னைக் கும்பிட்டார்கள். அதைத்தான் கட்டத்தில் எழுதினேன்: எல்லாரும் கும்பிட்டார்கள்.

அவர்கள் கும்பிட்டது கனவு கண்டவனை. அவன் நான் இல்லை. ஃபார்ம் த்ரீ படித்தவனும் நான் இல்லை. ஏழு தட்டு பிரியாணிக்காரனும் இல்லை. எத்தனை பேரை உண்டாக்கி வைத்திருக்கிறேன்! இத்தனை பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தன்தானே வேனில் உட்கார்ந்து தின்ன வேண்டியிருக்கிறது.

13.8.2025, புதன்

ரத்தம் எடுத்தார்கள். முடிவு இரண்டு வாரத்தில். திங்கட்கிழமைக் கட்டத்தை மிஸ்ஸிடம் நானே வாய்விட்டுப் படித்தேன்.

"அங்கிள், வீட்டுல இது யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது.

17.8.2025, ஞாயிறு

நாகமணியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்று கடை, வேன், கண்ணாடி, குப்பைத் தொட்டி. எதையும் குறைக்கவில்லை.

கையில் என் சட்டையைப் பிடித்தபடியே கேட்டாள்: "சோறா?"

"சோறுதான்."

"பொம்பள இல்ல?"

"நாசி லெமாக்."

சிரிக்க ஆரம்பித்தாள். அப்படியே கையில் இருந்த சட்டையால் என்னை அடித்தாள். அப்புறம் அழுதாள்.

"மூணு மாசமா எவளோ ஒருத்தியோட நான் போட்டி போட்டுக்கிட்டிருந்தேன். புதுசா ரெண்டு சேலை கட்டினேன். பாத்தீங்களாய்யா நீங்க?"

பார்க்கவில்லை. அதையும் சொன்னேன்.

"என் சமையல் பத்தலையா?"

இதுதான் குத்தியது. "உன் சமையல்ல குத்தமே இல்ல. வயித்துல எடமில்லாதப்பவும் தெனமும் அதத் தின்னேன்" என்றேன். நோய் என்று மிஸ் சொன்னதைச் சொன்னேன். தாள் விஷயத்தைச் சொன்னேன். கடைசியாக, முப்பத்திரண்டு வருடமாகச் சொல்லாததையும் சொன்னேன்: நாலாம் வகுப்பு.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே. எங்க அப்பா உங்க தோட்டத்து வாத்தியார்கிட்டப் போய்க் கேட்டுட்டுத்தானே பொண்ணு குடுத்தாரு. கோயில் முன்னால தாள வெச்சுக்கிட்டு நின்னீங்களே, அன்னைக்கு நானும் அங்கதான் நின்னேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

துணியை இரண்டு பேருமாக மடித்தோம். எனக்குச் சரியாக வரவில்லை. அவள் பிரித்து மறுபடி மடித்தாள்.

24.8.2025, ஞாயிறு

குமரவேல் வீட்டுக்குப் போய், கனவு வரவில்லை என்றேன். அவன் நம்பவில்லை!

"அண்ணே, அடக்கமாப் பேசாதீங்க. அந்த நம்பர் ரெண்டு பேருக்கு அடிச்சிருக்கு!"

"அது வேன் நம்பர்டா."

"வேன் நம்பரச் சொல்லணும்னு உங்களுக்குத் தோண வெச்சது யாரு?"

இப்படியே கால் மணி நேரம். என் வாழ்நாளில் சொன்ன எதையும் ஒருவரும் மறுத்ததில்லை. உண்மையைச் சொன்ன அன்றுதான் சாட்சி கேட்கிறார்கள். அப்புறம் நோய் விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவன் முகம் மாறியது.

"அப்ப வருஷா வருஷம் நாங்க கைதட்டினது…"

"ஆமா."

"சொல்லியிருக்கலாமேண்ணே."

"எனக்கும் புடிச்சிருந்துச்சு குமரவேலு."

அவன் மனைவி கொண்டுவந்த தேநீர் ஆறிப்போனது. கடைசியில் சொன்னான், அடுத்த வருடமும் பத்து இலைதான். ஆனால் வெளியே கனவு என்றே இருக்கட்டும், சாமி விஷயம், வாபஸ் வாங்க முடியாது. நான் சரி என்றேன். குதிரையை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். அது முடியாது என்றான், குதிரைச் சிலைக்கு ஏற்கெனவே நன்கொடை எழுதிவிட்டார்களாம்.

29.8.2025, வெள்ளி

சர்க்கரை எட்டு புள்ளி நாலு. ஊசி இப்போதைக்கு இல்லை. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொன்னார். ஆஸ்பத்திரி ஆலோசகரையும் விடாமல் பார்க்கச் சொன்னார்.

கவுன்டரில் லைசென்சுக்கு நிரப்ப வேண்டிய மலாய்த் தாளை நீட்டினார்கள். சட்டைப் பைக்குக் கை போனது, மூக்குக் கண்ணாடியை மறைக்க. அந்த மலாய்ப் பெண்ணிடம், எனக்கு வாசிக்க வராது, நீங்கள் கேளுங்கள், நான் சொல்கிறேன் என்றேன். அவள் பேனாவை எடுத்தாள். பெயர், வயது, விலாசம். மூன்று நிமிடம். பின்னால் வரிசையில் நின்றவர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதுவும் நடக்கவில்லை.

வரும் வழியில் ஒரு பொட்டலம் வாங்கினேன். வேன் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாப்பிட்டேன். எழுதிவிட்டேன்.

3.9.2025, புதன்

கடைசி ஆளை இறக்கிவிட்டு நேராக வந்தேன். வாசலில் வேனை நிறுத்தும்போது வெளிச்சம் இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்னை யாரோ என்று பார்த்தார்.

நாகமணி அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "என்னங்க, வண்டி கெட்டுப்போச்சா?" என்றாள். இல்லை என்றேன். இவ்வளவு சீக்கிரம் வருவேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒன்றும் ஆகவில்லை, குழம்புகூட வைக்கவில்லை. பயற்றங்காயை என் முன்னால் போட்டாள். நறுக்கினேன். ஒரு காலத்தில் நான் இருநூறு பேருக்கு ஒற்றைக் கையால் நறுக்கிய கதையைச் சொன்னேன். "எந்தக் கையால?" என்று கேட்டாள். யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

பச்சைச் சேலை கட்டியிருக்கிறாள். நன்றாக இருக்கிறது என்றேன். பழையது என்றாள்.

சோறு வேக இன்னும் இருபது நிமிடமாம். எனக்கு நல்ல பசி. அடுப்பில் தாளிக்கிற வாசனை வருகிறது. கடுகு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் பெருங்காயம். மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு தட்டு எடுத்து வைக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.